தண்டு நுழைகிற இடம்

நரம்பை, மூர்த்திக்குப்பம், மணப்பட்டு என்று புதுச்சேரியின் பாகூர் கொம்யூனின் கிழக்கோரத்தில் மீனவ ஊர்கள் இருக்கின்றன. கடலிலிருந்து திரும்பும் பைபர் போட் இங்கே பெரும்பாலும் சுவர் வைத்த துறைமுகத்துக்குப் போவதில்லை. அலைமீது ஏறி நேராக மணலில் வந்து உட்காருகிறது. அந்தக் கடைசி அரை நிமிடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பின்பக்கம் நிற்பவர் டீசல் எஞ்சினின் கைப்பிடியைக் கீழே அழுத்துகிறார். எஞ்சின் தாழ, மறுபக்கம் நீண்டிருக்கும் தண்டும் அதன் நுனியிலுள்ள காத்தாடியும் தண்ணீரை விட்டு மேலே எழுகின்றன. படகின் அடி மணலைத் தொடும்போது காத்தாடி வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தாமதித்தாலும் அதன் இலை மடங்கும், தண்டு வளையும்.

லாங் டெயில் என்று எல்லோரும் சொல்லும் இந்த அமைப்பைப் பார்த்து, ஏதோ வசதிக்குறைவால் செய்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகு எஞ்சினியரிங்கில் மிகத் தொல்லையான ஒரு கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. சுற்றுகிற தண்டு ஒன்று படகுக்குள்ளிருந்து தண்ணீருக்குள் போக வேண்டும். தண்ணீர் மட்டும் உள்ளே வரக்கூடாது. எப்படி? லாங் டெயிலின் பதில், படகில் ஓட்டையே போடாதே என்பது. தண்டு பின்பலகையின் மேலாகப் போய் வெளியே தண்ணீரில் இறங்குகிறது. தண்டைச் சுற்றியுள்ள குழாயில் தண்ணீர் புகுந்தாலும் கிரீஸும் புஷ்ஷும் கெடுமே தவிர, படகு மூழ்காது. வெளியே தொங்கவிடும் அவுட்போர்டு எஞ்சினும் இதே வழியில் போவதுதான்.

இதற்கு விலை உண்டு. சத்தம், அதிர்வு, நீண்ட தண்டின் பாரம், திறந்து சுற்றும் காத்தாடியின் ஆபத்து எல்லாம் உண்டு. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இந்த முறை கட்டுப்படியாகாது. பெரிய எஞ்சினை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் படகு ஓட்டைக்கு ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளில் தண்டு ஒரு குழாய் வழியாக அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த இடத்தில் கிரீஸில் ஊறிய பின்னல் கயிற்றைத் தண்டைச் சுற்றி வளையம் வளையமாகத் திணித்து, மேலே ஒரு மூடியால் நெருக்கிவிடுகிறார்கள். இதுதான் கிளாண்ட்.

வில்லியனூர், பாகூர் பக்கத்து விவசாயிகளுக்குக் கிளாண்ட் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பம்புசெட் கொட்டகையில் மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் இதே கயிறுதான் இருக்கும். சொட்டுவதைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கிச் சொட்டை முழுக்க நிறுத்துகிறவர், மறுநாள் கயிறு கருகித் தண்டில் கோடு விழுந்திருப்பதைப் பார்ப்பார். சுற்றுகிற தண்டுக்கும் நிற்கிற கயிற்றுக்கும் நடுவே வழுக்கலாக இருப்பதும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அந்தச் சொட்டும் தண்ணீர்தான். பம்பில் நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை விழுவது ஆரோக்கியம். படகில் அதைவிடக் குறைவாக, சில சொட்டுகள். கிளாண்டில் கசிவு அந்த ஏற்பாட்டின் ஒரு பாகம். அளவைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பதில் பாகூர் வயல்களின் அடியிலேயே இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்களில் பெரும்பாலானவை உள்ளே தண்ணீர் நிரப்பியவை. வெளித் தண்ணீரோடு சண்டை போடுவதற்குப் பதில், உள்ளேயும் சுத்தமான தண்ணீரை நிரப்பி, சுருளின் கம்பிகளுக்கு மட்டும் தண்ணீர் புகாத உறை போட்டுவிடுகிறார்கள். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம் என்றால் தண்ணீர் ஏன் நுழையப் பார்க்கும்? மோட்டார் சூடாகி உள்ளிருக்கும் தண்ணீர் விரியும்போது இடம் கொடுக்க, அடியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. நூறு இருநூறு அடிக்குக் கீழே யார் கண்ணிலும் படாமல் அது உப்பிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

நான்காவது பதில் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஓட்டை இருக்கும், தண்டு அதன் வழியாகவே போகும், ஒரு சொட்டும் கசியாது, அதோடு தண்டு மேலும் கீழும் இடமும் வலமும் சாயவும் செய்யும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஒரே ஒரு பொருள்தான் முன்வரும். ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். மெக்கானிக்குகள் பெல்லோஸ் என்பார்கள்.

பெல்லோஸை உலகெங்கும் கொண்டுபோனது ஸ்டெர்ன் டிரைவ் என்ற அமைப்பு. 1959இல் வோல்வோ பென்டா நிறுவனம் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னணியில் இருந்தவர் ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1961இல் மெர்குரூசர் வந்து சேர்ந்தது. எஞ்சின் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி நிற்கும். பலகைக்கு வெளியே அவுட்போர்டின் கீழ்ப்பாதியைப் போன்ற ஒரு கால் தொங்கும். அந்தக் காலே திரும்பிப் படகைத் திருப்பும். மேலே தூக்கவும் முடியும். சுக்கான் தனியாகத் தேவையில்லை.

ஆனால் கால் திரும்பினால் தண்டும் திரும்ப வேண்டுமே. அதற்காகப் பலகைக்கு வெளியே, திருப்பமும் தூக்கலும் நடக்கும் அச்சிலேயே, இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டுகளை வைத்தார்கள். லாரியின் அடியில் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில் இருக்கும் அதே சிலுவை வடிவ இணைப்பு. ஒரு ஜாயிண்ட் மட்டும் இருந்தால், கோணத்தில் சுற்றும்போது வெளித்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். இரண்டாவது ஜாயிண்ட் அந்த ஏற்ற இறக்கத்தை எதிர்ப்பக்கமாகச் செய்து சமன் செய்கிறது. இந்த எஃகு இணைப்புகள் இரண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் மட்டுமே. பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் முதலில் ஜாயிண்டுகளை நனைக்கும். பிறகு கிம்பல் பேரிங் என்ற தாங்குருளையைக் கடந்து நேராகப் படகின் வயிற்றுக்குள் போகும்.

நம் கரையிலேயே ஒரு பெல்லோஸ் கதை நடந்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. சோழமண்டலக் கரை போன்ற, அலையடிக்கும் திறந்த மணற்கரைகளில் ஏறி இறங்கக்கூடிய எஞ்சின் படகு வேண்டும் என்பது அதன் முக்கியமான தேடல்களில் ஒன்று. கட்டுமரத்துக்கும் மசூலா படகுக்கும் பழகிய கரைகள் இவை. எஞ்சின் வைத்தால் காத்தாடி மணலில் மோதும் என்பதுதான் சிக்கல். படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சென் பங்கெடுத்த அந்த முயற்சியில் உருவானது பாப் டிரைவ். எஞ்சின், தண்டு, காத்தாடி, சுக்கான் எல்லாம் ஒரே துண்டாகச் சாயும். கரை வரும்போது பின்முனையை அப்படியே தூக்கிக்கொள்ளலாம். அசைகிற அந்தத் துண்டும் அசையாத படகும் சேரும் இடைவெளியை ஒரு ரப்பர் பெல்லோஸ் அடைத்தது. இதை எப்படிக் கட்டுவது என்று செய்முறைக் கையேடும் வெளியிட்டார்கள்.

அழகான யோசனைதான். உள்ளே வைத்த டீசல் எஞ்சினின் நிதானமும் வெளியே தூக்கும் வசதியும் ஒருசேரக் கிடைத்தன. ஆனால் இன்று பாகூர்க் கரையில் நடந்தால் கண்ணில் படுவது லாங் டெயில்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் போட்டுகள் பெருகியபோது இந்த முறை இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டது. விலை, எடை, ரிப்பேர் என்று பல காரணங்கள் இருந்திருக்கும். என் கணிப்பில், மணலும் உப்பும் வெயிலும் தினசரி உரசும் கரையில் ரப்பரை நம்பி ஓட்டையை விடுவதைவிட, ஓட்டையே இல்லாத படகு நிம்மதி தருகிறது என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று.

ஏன் அந்த ரப்பரை முழுக்க நம்ப முடியாது என்பதற்கு, ரப்பர் என்ற பொருளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பிரேசில் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயா. அங்கே பால்மரக் காடுகளில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இன்று கன்னியாகுமரி மலையடிவாரத்திலும் அதே வேலை நடக்கிறது. அந்தப் பாலை உறையவைத்தால் கிடைப்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். ஆனால் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போகும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழுந்தன. சங்கிலி நகரலாம், ஓடிப்போக முடியாது. பஞ்சர் கடைப் பலகையில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பது இந்த வேதிவினையின் பெயர்.

கந்தகம் பிடித்துக்கொள்ள இடம் தருவது சங்கிலியில் இடைவெளிவிட்டு வரும் இரட்டைப் பிணைப்புகள். அவற்றில் கொஞ்சத்தைத்தான் கந்தகம் பயன்படுத்துகிறது. மிச்சமெல்லாம் திறந்தே கிடக்கின்றன. ரப்பருக்கு அவ்வளவு இழுவையைத் தரும் இதே சங்கிலியில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. காற்றில் மிக மிகச் சிறிய அளவில், நூறு கோடியில் சில பத்துப் பங்காக, ஓசோன் இருக்கிறது. அது இரட்டைப் பிணைப்பைக் கண்டால் சங்கிலியையே அறுத்துவிடும்.

இங்கே ஒரு விசித்திரம். இழுபடாமல் கிடக்கும் ரப்பரை ஓசோன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மேல்பரப்பில் இருக்கும் சங்கிலிகள் அறுபட்டு ஒரு மெல்லிய படலமாகி, உள்ளே இருப்பதைக் காக்கின்றன. சில சதவீதம் இழுத்து வைத்தால் போதும், நிலைமை தலைகீழ். அறுபட்ட இடம் வாயைப் பிளக்கிறது; பிளந்த இடத்தில் புதிய ரப்பர் காற்றுக்குத் தெரிகிறது; அதையும் ஓசோன் அறுக்கிறது. வெடிப்பு இப்படித்தான் உள்நோக்கி நடக்கிறது, இழுவிசைக்குச் சரியாகக் குறுக்கே.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஒரு மொபெட்டின் டயரைப் பக்கவாட்டில் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மண்ணோடு ஒட்டும் இடத்துக்கு மேலே, டயர் பாரத்தில் பிதுங்கிய பகுதியில் நெருக்கமாக இணைகோடுகள் ஓடும். விரலால் அந்த இடத்தை வளைத்தால் ஒவ்வொரு கோடும் வாய் திறக்கும். உள்ளே மேல்பரப்பைவிடக் கறுப்பான, பளபளப்பான ரப்பர் தெரியும். வெடிப்புகளின் திசையைப் பார்த்தே அந்த டயர் எந்தப் பக்கம் இழுபட்டது என்று சொல்லிவிடலாம். இழுபடாத இடத்தில் அதே டயர், அதே வயது, அதே வெயில். ஆனால் கோடு இல்லை.

இனி பெல்லோஸைப் பார்க்கலாம். அதன் மடிப்புகளில் வெளிமேடும் உட்பள்ளமும் மாறி மாறி வருகின்றன. கால் நேராக இருக்கும்போது எல்லா மடிப்பும் ஓய்வாக இருக்கிறது. கால் திரும்பினால் ஒரு பக்க மடிப்புகள் நெருங்க, எதிர்ப்பக்க மடிப்புகள் விரிகின்றன. விரியும்போது நீட்சி ரப்பர் முழுவதும் சமமாகப் பகிரப்படுவதில்லை. வளைவு கூர்மையாக இருக்கும் பள்ளங்களின் அடியில்தான் குவிகிறது. படகு ஓடாத நாளில் காலைத் தூக்கி வைத்துவிட்டால் கதை இன்னும் மோசம். ஒரே நிலையில் மாதக்கணக்கில் இழுபட்டுக் கிடக்கும் மடிப்பு ஓசோனுக்கு வைத்த விருந்து. அதனால்தான் ஸ்டெர்ன் டிரைவ் படகைக் கரையேற்றி நிறுத்தும்போது காலைக் கீழே இறக்கி நேராக வைக்கச் சொல்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அக்கினி நட்சத்திரம் முழுக்க அதற்குள் அடக்கம். அந்த நாட்களில் ஓடாத எஞ்சினுக்குத் தேய்மானம் இல்லை. ரப்பருக்கு மட்டும் அப்போதும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இந்த வகை வேதிவினைகள் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும் என்பது பொதுக் கணக்கு. மே மாத வெயிலில் கறுப்பு ரப்பர் காற்றைவிட எத்தனையோ பாகை சூடாகிக் கிடக்கும்.

ரப்பர் செய்பவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் டூபாண்ட் நிறுவனத்தில் நியோபிரீன் உருவானது. அதன் சங்கிலியில் இருக்கும் குளோரின் அணு இரட்டைப் பிணைப்பின் ஆர்வத்தைக் குறைத்து ஓசோனைத் தள்ளி நிறுத்துகிறது. எண்ணெயையும் ஓரளவு தாங்கும். இ.பி.டி.எம். என்ற ரப்பரின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஓசோன் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டீசலோ கிரீஸோ பட்டால் உப்பிவிடும். பால்மர ரப்பருக்கோ வேறொரு வரம். வெடிப்பின் நுனியில் இழுபடும்போது அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒழுங்காக அடுக்கிப் படிகமாகி, வெடிப்பு மேலே போகாமல் தடுக்கின்றன. நியோபிரீனுக்கும் இந்தக் குணம் உண்டு, இ.பி.டி.எம்.முக்குக் கிடையாது. எல்லா நல்ல குணமும் ஒரே ரப்பரில் கிடைப்பதில்லை. இவற்றோடு மெழுகும் ஓசோன் தடுப்புச் சேர்மங்களும் கலக்கிறார்கள். அவை மெல்ல மெல்ல மேல்பரப்புக்கு வந்து தங்களைத் தாங்களே செலவழித்துக்கொள்கின்றன. சேமிப்பு தீர்ந்த நாளிலிருந்து வெடிப்பு தொடங்குகிறது.

உப்புத் தண்ணீர் ரப்பரைத் தின்றுவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் உப்பு ரப்பருக்குப் பெரிய எதிரி அல்ல. எஃகுக்கும் அலுமினியத்துக்கும்தான் எதிரி. கடலில் ரப்பருக்கு ஆபத்து கொட்டலசு. தண்ணீரில் நிற்கும் எதன்மீதும் ஒட்டி வளரும் இந்தச் சிறு ஓட்டுயிரி மடிப்புகளின் பள்ளத்தில் இடம் பிடித்துக்கொண்டால், கால் திரும்பும்போதெல்லாம் அதன் கூர்மையான சுண்ணாம்பு ஓடு எதிர்ச் சுவரைக் கீறிக்கொண்டேயிருக்கும். தண்ணீரில் பல வாரம் அசையாமல் நிற்கும் படகில் இது அதிகம்.

ஒரு சின்ன ஓட்டை எவ்வளவு தண்ணீரை விடும்? நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 2 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்வோம். டாரிசெல்லியின் விதிப்படி தண்ணீர் விநாடிக்கு சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். துளை நெருக்கும் இழப்பைக் கழித்தால் விநாடிக்கு நாலரை மில்லிலிட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு மணிநேரத்தில் 16 லிட்டர், ஒரு நாளில் கிட்டத்தட்ட 400 லிட்டர். விட்டம் 4 மில்லிமீட்டர் ஆனால் நாளொன்றுக்கு 1,600 லிட்டருக்கு அருகில். படகின் பேட்டரி இருக்கும்வரை உள்ளே இருக்கும் பம்பு இதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பேட்டரி இறங்கிய பிறகுதான் தெரியும். கட்டிவைத்த இடத்திலேயே படகுகள் பின்பக்கமாக மூழ்குவதற்குப் பேர்பெற்ற காரணம் இது.

சரி, ஓட்டை தெரிகிறது, அடைத்துவிட்டால் என்ன? யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். கையில் சிலிக்கோன் குழாய் இருக்கிறது, ரப்பர் பசை இருக்கிறது, பஞ்சர் ஒட்டு இருக்கிறது. ஆனால் இது பலிக்காது என்பதை உறுதியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலித்துவிட்டது போன்ற தோற்றத்தை அது ஓரிரு நாள் தரும்.

சைக்கிள் டியூபில் ஒட்டு ஏன் நிற்கிறது? ஒட்டிய இடம் மடங்குவதில்லை. டயரும் ரிம்மும் அதை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்கின்றன. உள்ளிருக்கும் காற்று ஒட்டோடு சேர்த்துச் சுவரை வெளியே அழுத்தி வைக்கிறது. டியூபின் மிச்ச ரப்பரும் நல்ல நிலையில் இருக்கிறது. ஆணி குத்திய இடம் மட்டுமே காயம். பெல்லோஸில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கசிவு வந்த இடம் அதிகம் மடங்கும் இடமேதான். அங்கே ஒட்டு வைத்தால் அந்த இடம் தடித்து விறைப்பாகிறது. மடங்க வேண்டிய வேலை ஒட்டின் விளிம்புக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த கிழிசல் சரியாக அந்த விளிம்பில் வரும். பழைய ரப்பரின் மேல் மெழுகும் எண்ணெயும் உப்பும் படிந்திருப்பதால் பசை பிடிக்காது. சிலிக்கோன் நெகிழும் என்றாலும் எளிதில் கிழியக்கூடியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த ஓட்டை தனியாக வந்ததல்ல. மொபெட் டயரில் பார்த்தது போல, வட்டம் முழுவதும் ஆழமாகிக்கொண்டிருந்த நூறு வெடிப்புகளில் முதலில் மறுபக்கம் எட்டிய ஒன்று அது. மற்றவை பின்னாலேயே வந்துகொண்டிருக்கின்றன. கிளாண்ட் சொட்டினால் ஸ்பேனர் எடுக்கலாம். பெல்லோஸ் சொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தண்ணீர் ரப்பரின் வழியாக வராமல், ரப்பரின் வாயும் உலோக விளிம்பும் சேரும் இடத்தில் வரலாம். அலுமினிய விளிம்பு அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அல்லது கிளாம்பு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். உண்மையிலேயே அடைக்கக்கூடிய கசிவு இது மட்டும்தான். அப்போதும் பெல்லோஸைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. கழற்றிய பிறகு பழையதையே திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை.

கடலில் இருக்கும்போது தெரியவந்தால்? பம்பை ஓடவிட்டு, காலை முடிந்தவரை நேராக வைத்து, பெரிய திருப்பங்களையும் தூக்கலையும் தவிர்த்து மெதுவாகக் கரைக்கு வர வேண்டும். மடிப்பு விரியும்போது ஓட்டையும் விரிகிறது என்பதால் நேராக வைத்த கால் கசிவைக் குறைக்கும். வந்தவுடன் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று கட்டிவைத்துவிட்டுப் போகக் கூடாது.

படகுக்குள் தண்ணீர் தெரியும் முன்பே அறிகுறிகள் வரும். திரும்பும்போது பின்பக்கத்தில் உறுமல் சத்தம் கேட்டால் கிம்பல் பேரிங்கின் கிரீஸ் தண்ணீர் பட்டுக் கெட்டு, குண்டுகள் துருப்பிடித்துவிட்டன என்று அர்த்தம். காலைக் கழற்றிப் பார்த்தால் ஜாயிண்டுகளில் செம்மண் நிறத் தூள் இருக்கும். கிரீஸ் மோர் போல வெளுத்திருக்கும். பெல்லோஸை மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு கட்டைவிரலாலும் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, பள்ளத்துக்குள் விளக்கடித்துச் சுற்று முழுவதும் பார்க்க வேண்டும். வோல்வோ பென்டா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் பணம், ஒரு ஜாயிண்ட் செட்டின் விலைக்கே போதாது.

மாற்றும் வேலையில் நேரம் முழுக்கச் செலவாக வேண்டிய இடம் உலோக விளிம்பு. பழைய பசை, உப்புப் பொருக்கு, வெள்ளைப் பொடி எல்லாம் போகும்வரை பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட வேண்டும். சில மாடல்களில் ரப்பரின் வாயில் பசை தடவச் சொல்வார்கள், சிலவற்றில் வறட்டு ரப்பரையே மாட்டச் சொல்வார்கள். கையேடு சொல்வதே முடிவு. வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று கிரீஸ் தடவுவது கூடாது. பெட்ரோலியப் பொருள் ரப்பரை உப்பவைக்கும், கிளாம்பையும் நழுவவிடும். தேவையென்றால் சோப்புத் தண்ணீர் போதும். கிளாம்பின் திருகுத் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கால் முழுதும் திரும்பும்போது அந்தத் தலை புது ரப்பரை உரசினால் இரண்டு ஆண்டு இரண்டு மாதமாகிவிடும். பக்கத்திலேயே இருக்கும் எக்ஸாஸ்ட் பெல்லோஸையும் கியர் கேபிளின் சின்ன பெல்லோஸையும் அதே நாளில் மாற்றுவதுதான் புத்தி. சின்னதுதானே என்று விட்ட கேபிள் பெல்லோஸ் வழியாகவும் படகு மூழ்கும்.

புதிய பெல்லோஸைப் பெட்டியிலேயே, இருட்டான, குளிர்ந்த இடத்தில், மடக்காமல் வைக்க வேண்டும். வெல்டிங் நடக்கும் பட்டறையிலும், பொறி பறக்கும் பழைய மோட்டார்கள் ஓடும் இடத்திலும் ஓசோன் உருவாகிறது. உதிரிபாகத்தை அங்கே மாட்டிவைத்தால் படகில் ஏறும் முன்பே அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். மாற்றிய தேதியைப் பின்பலகையின் உட்புறம் பெயிண்டால் எழுதிவிடலாம்.

பிறகு படகைத் தண்ணீரில் இறக்கி, காலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் பலமுறை திருப்பி, மேலே தூக்கி இறக்கி, பலகையின் உட்புறம் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு மணிநேரம் ஓட்டிய பிறகு மறுபடியும், இரவு முழுக்கத் தண்ணீரில் நின்ற பிறகு மறுபடியும். மூன்று முறையும் கை காய்ந்திருந்தால் கடலுக்குப் போகலாம்.